கரடி பாட்டிலில் நல்லெண்ணெய்

நாற்பதைத் தாண்டியவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் மில்பிடாஸிலோ பிஸ்கட்டவேயிலோ ரவுண்ட் ராக்கிலோ மெல்லிய கூரை போட்ட அபார்ட்மெண்டில் வளர்ந்து, மேல் வீட்டுக்காரர் எத்தனை மணிக்குக் குளிக்கிறார் என்பது வரை தெரிந்து வைத்திருந்தவர்களுக்காக. வீட்டில் அடி வாங்கிக்கொண்டு போய், ஸ்கூலில் டீச்சர் கையைப் பார்த்துக் கேட்டால் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று கூசாமல் சொல்லப் பழகியவர்களுக்காக. சின்னவர்கள் படித்தால், அப்போதே ஏன் யாரும் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பார்கள். திறந்தோம். எப்படித் திறந்தோம் என்பதுதான் கதை, அது பெருமைப்படும்படி இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மில்பிடாஸில் இரண்டு மாடிக் கட்டடம், கீழே நாங்கள், மேலே ஒரு அங்கிளும் ஆன்ட்டியும். அங்கிளுக்குத் தென்காசிப் பக்கம். அப்பா வேலை பார்த்த அதே கன்சல்டிங் கம்பெனியில் நாலு வருடம் சீனியர். அப்பாவை அங்கே சேர்த்துவிட்டது, இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தது, அப்பா கார் வாங்கும் வரை ஆபீசுக்கு ரைடு கொடுத்தது எல்லாம் அவர்தான். எங்கள் கிரீன் கார்டு பேப்பர் அந்தக் கம்பெனி வழியாக நகர வேண்டும், அங்கே அங்கிள் ஒரு வார்த்தை சொன்னால் நகரும், சொல்லாவிட்டால் தூங்கும். சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கும்போதெல்லாம் அப்பா எங்களுக்கு இதை ஞாபகப்படுத்துவார்.

ஆன்ட்டி கல்யாணமாகி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. டிபென்டென்ட் விசாவில் வந்தவர். வேலைக்குப் போகக் கூடாது, கார் ஓட்டத் தெரியாது, அங்கிள் ஆபீஸ் போன பிறகு எங்கள் வீட்டைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. நான் ஸ்கூல் விட்டு வந்ததும் மேலேயிருந்து இறங்கி வருவார். கையில் ஒரு பிளாஸ்டிக் கரடி இருக்கும். கடையில் தேன் விற்கும் பாட்டில் அது, கரடி உருவம், தலையில் மஞ்சள் மூடி, வயிற்றை அமுக்கினால் தலை வழியாகத் தேன் ஒழுகும். தேன் தீர்ந்ததும் கழுவி அதில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். என் தலையில் கரடியைக் கவிழ்த்து ஒரு அமுக்கு அமுக்கி, விரல் நுனியால் தேய்த்து, இழுத்துப் பின்னிவிடுவார். அம்மா பின்னினால் வலிக்கும். ஆன்ட்டி பின்னினால் தூக்கம் வரும். அந்த விரல்களில் ஒன்று எப்போதும் வீங்கியிருக்கும்.

சத்தம் சாயங்காலம் ஆறரைக்கு வரும். அங்கிள் காரை நிறுத்தி மேலே ஏறிப் போய்க் கால் மணி நேரம் கழித்து. முதலில் கனமான ஒன்று விழும். பிறகு எதையோ இழுப்பதுபோல ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே இருக்காது. ஆன்ட்டி கத்திக் கேட்டதே இல்லை, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. கூரை அதிர்ந்ததும் அம்மா எழுந்துபோய் மிக்ஸியைப் போடுவாள். தேங்காய் இருந்தால் சட்னி, இல்லாவிட்டால் பொட்டுக்கடலை, அதுவும் இல்லாவிட்டால் வெறும் பச்சைமிளகாயும் உப்பும். அந்த ஒரு வருடம் நாங்கள் தின்ற சட்னி இருக்கிறதே, ஒரு கல்யாணத்துக்குக் காணும். அப்பா டிவி பக்கமாகத் திரும்பிக்கொண்டு, "அது அவங்க ஃபேமிலி மேட்டர்" என்பார்.

நம் வீடுகளில் அடி என்பது அசிங்கமான வார்த்தையாக இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா என்னைத் துணி ஹேங்கரால் அடிப்பார். டிரை கிளீனிங் கடையில் சட்டையோடு கொடுக்கும் கம்பி ஹேங்கர். கணக்கில் தப்பு வந்தால், பதில் பேசினால், வந்தவர்கள் முன்னால் மானத்தை வாங்கினால். அடிப்பதற்கு முன் ஜன்னலை மூடுவார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி 911 போட்டுப் போலீசைக் கூப்பிட்டுவிடுவாள் என்று பயம். அவர் நிதானமாக ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டு வரும் அந்த ஒரு நிமிடத்திலேயே நான் அழுது முடித்துவிடுவேன்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கிள் பிக்னிக் போகலாம் என்றார். மலைக்கு அந்தப் பக்கம் ரெட்வுட் காட்டுக்குள் இரண்டு மணி நேரம் நடந்தால் ஒரு அருவி இருக்கிறதாம். ஆபீசில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எண்ணெய் தேச்சுக் குளிக்கணும்லா," என்றார். "சும்மா பாத்துட்டு வாரதுக்கு அது என்ன டிவியா? குத்தாலத்துக்குப் பக்கத்துல பொறந்துட்டு நாலு வருஷமா பாத்ரூம்ல நின்னு குளிச்சுட்டு இருக்கேன்."

அப்பா பெரிதாகச் சிரித்தார். அங்கிள் எது சொன்னாலும் அப்பா பெரிதாகச் சிரிப்பார். அம்மா புளியோதரையும் தயிர்சாதமும் கட்டினாள். ஆன்ட்டியிடம் கொடுக்கப்பட்ட வேலை எண்ணெய், சீயக்காய்த்தூள், துண்டுகள்.

ஃபிரீவேயில் நன்றாகத்தான் போனோம். காட்டு முகப்பில் காரை நிறுத்திய இடத்தில் ஒரு போர்டு இருந்தது. பாதையை விட்டு விலகாதே, தண்ணீரில் இறங்காதே, குளிக்காதே என்று படம் போட்டு எழுதியிருந்தார்கள். நான் அதை உரக்கப் படித்தேன்.

"அது வெள்ளைக்காரனுக்கு எழுதினது," என்றார் அங்கிள். "அவனுக்குத்தான் குளிக்கத் தெரியாது."

அப்பா அதற்கும் சிரித்தார்.

நாலு பேர் கைகோத்தாலும் சுற்றிப் பிடிக்க முடியாத மரங்கள். வெயில் உச்சியிலேயே நின்றுவிட, கீழே ஈரமும் மங்கலுமாக இருந்தது. காலடியில் செம்பழுப்பு இலைச் சருகு மெத்தை மாதிரி அமுங்கியது. ஓரிடத்தில் அம்மா ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து, "அப்படியே பிரிஞ்சி இலை வாசனைடி" என்று என் மூக்கருகே நீட்டினாள். பத்து இலை பறித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பாதையோரத்தில் ஓடு இல்லாத நத்தைகள் இருந்தன, நல்ல மஞ்சள் நிறம், ஒரு விரல் நீளம். நான் ஒன்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிள் வந்து அதை ஒரு குச்சியால் தூக்கி, முன்னால் மூட்டையோடு போய்க்கொண்டிருந்த ஆன்ட்டியின் சுடிதார்க் கழுத்துக்குள் போட்டார்.

ஆன்ட்டி அலறினார். அவர் அலறிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. அங்கிள் சிரித்தார், அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதை ஒளிக்க முடியாது. ஆன்ட்டி முதுகுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இன்னொரு முறை கத்தியதும், அங்கிள் சிரிப்பை நிறுத்தாமலே பின்னந்தலையில் ஒன்று வைத்தார்.

"கத்தாத ஏட்டி. காடு."

நத்தை நசுங்கிப் போயிருந்தது. அந்தப் பசையைத் துடைக்கத் துடைக்கப் போகவில்லை.

பாதி வழியில் ஒரு விழுந்து கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்து இளைப்பாறினோம். எனக்கு ஒண்ணுக்கு வந்தது. ஆன்ட்டி துணைக்கு வந்தார். நான் மரத்துக்குப் பின்னால் புதருக்குள் குந்தியிருந்தபோது அங்கிள் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார். நான் இருந்ததைக் கவனிக்கவில்லை.

"சீயக்காய் எங்க?" என்று மெதுவாகக் கேட்டார். வீட்டில் காப்பி எங்கே என்று கேட்பது போன்ற குரல்.

"மேசை மேலயே வெச்சுட்டு..."

அவர் ஆன்ட்டியின் சுண்டு விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினார். மடக்கிக்கொண்டே போனார். ஆன்ட்டியின் முட்டி தானாக மடிந்து தரையைத் தொட்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. பிறகு இன்னொரு கையால் காதோடு சேர்த்து ஓங்கி ஒன்று. எனக்கு இத்தனை நாள் கூரை வழியாகக் கேட்டதற்கெல்லாம் அப்போது படம் கிடைத்தது. நான் எழுந்து நின்றதும் அங்கிள் என்னைப் பார்த்தார். உடனே முகம் மலர்ந்தது.

"ஆச்சா செல்லம்? வா, போவோம்."

நான் ஓடிப்போய் அம்மாவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன், அவர் ஆன்ட்டி விரலை உடைக்கப் பார்த்தார் என்று. அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "கீழ பாத்து நட, வேர் தடுக்கும்" என்றாள். அப்பா என் கையை நன்றாகக் கிள்ளினார். "பெரியவங்க விஷயத்துல மூக்கை நுழைக்காத. வீட்டுக்கு வா, வெச்சுக்கறேன்."

அருவியை முதலில் கேட்டோம், அப்புறம்தான் பார்த்தோம். மூன்று மாடி உயரம் இருக்கும். பாறை இடுக்கிலிருந்து வெள்ளையாகக் கொட்டி, இடுப்பளவு ஆழமான ஒரு குட்டையில் விழுந்து, கற்களுக்கு நடுவே ஓடியது. குட்டைக்கும் கரைக்கும் நடுவில் சாய்வான ஒரு தட்டைப் பாறை. அதில் கால் வைக்காமல் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. எதிரே ஒரு வயதான அமெரிக்கத் தம்பதி உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள்.

நம் ஆண்கள் இரண்டு பேரும் அவர்கள் கண்ணெதிரே சட்டையைக் கழற்றி, துண்டைக் கட்டிக்கொண்டு, கரடியின் தலையைக் கவிழ்த்துத் தொப்பைக்கும் தொடைக்கும் எண்ணெய் பூசத் தொடங்கினார்கள். சாண்ட்விச் தின்பது நின்றுவிட்டது. தண்ணீர் பனிக்கட்டியாக இருந்தது. அங்கிள் அருவிக்கு அடியில் போய் நின்று ஊளையிட்டார். பிறகு கரையில் நின்ற ஆன்ட்டியைக் கூப்பிட்டார். ஆன்ட்டி மாட்டேன் என்று தலையாட்டினார். அங்கிள் வந்து பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

இதை விளையாட்டு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். பின்னலைக் கையில் சுற்றி, தலையை அருவி விழும் இடத்தில் பிடித்தார். ஆன்ட்டி மூச்சுக்குத் தலையைத் திருப்பினால் பின்னலை இழுத்து மறுபடி உள்ளே தள்ளினார். மேலிருந்து விழும் தண்ணீர் முகத்தில் அறைந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை கை கால் உதறலெல்லாம் நின்று ஆன்ட்டி துணி மாதிரித் தொங்கினார். அம்மா, "போதும், விட்டுடுங்க" என்றாள். அவள் குரல் அருவிச் சத்தத்தில் அமுங்கிப்போனது. அப்பா சோப்பைத் தேய்த்துக்கொண்டே, "சார், மேடத்துக்குக் குளிர் விட்டுப்போச்சு பாருங்க" என்று சிரித்தார்.

அங்கிள் விட்டார். ஆன்ட்டி தவழ்ந்து கரைக்கு வந்து இருமினார், மூக்கிலிருந்து ரத்தம் கலந்த தண்ணீர் வந்தது. எதிரே இருந்த தம்பதி எழுந்து பையை எடுத்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போனார்கள். போகும்போது அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில், நானும் சேர்ந்து குற்றம் செய்தவள் போல எனக்கு முகம் சூடாகிவிட்டது.

கரடி என் காலடியில் கிடந்தது. பாதிக்கு மேல் எண்ணெய் இருந்தது.

நான் அந்தத் தட்டைப் பாறைக்குப் போனேன். குந்தி உட்கார்ந்தேன். கரடி வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கினேன். எண்ணெய் ஒழுகி, ஈரப் பாறையில் பளபளவென்று பரவியது. கடைசிச் சொட்டு வரை அமுக்கினேன். அங்கிள் இந்த வழியாகத்தான் வர வேண்டும். வரும்போது வழுக்க வேண்டும். மண்டை உடைய வேண்டும். செத்துப்போவாரே என்று யோசித்தாயா என்று கேட்டால், யோசித்தேன். செத்துப்போகட்டும் என்றும் யோசித்தேன். ஒன்பது வயதுக்கு அவ்வளவு தெரியாது என்று யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம்.

அம்மா அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தயிர்சாதம் கிளறிக்கொண்டிருந்தாள். அப்பா முகமெல்லாம் சோப்பு நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அங்கிள் குட்டையிலிருந்து நடந்து வந்து தட்டைப் பாறைக்கு நாலடி தூரத்தில் நின்றார். அங்கேயே நின்று கையை நீட்டினார்.

"ஏட்டி, துண்டு."

ஆன்ட்டி துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நான் கூப்பிட்டேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. வாயைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. ஆன்ட்டி வெறுங்காலோடு பாறை மேல் ஏறினார், வலது கால் முன்னால் போனது, உடம்பு பின்னால் போனது, துண்டு மேலே பறந்தது. பாறையின் பள்ளமான பக்கத்தில், கற்களுக்கு நடுவில் விழுந்தார். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்த சத்தம் அருவியையும் மீறிக் கேட்டது. காய்ந்த முருங்கைக்காயை ஒடிப்பதுபோல. இந்த முறை ஆன்ட்டி கத்தினார், நிறுத்தாமல் கத்தினார்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது பார்த்தது, அங்கிளின் நீட்டிய கையையும் கீழே கிடந்த ஆன்ட்டியையும்.

"பாத்து வரத் தெரியாதாட்டி ஒனக்கு," என்றார் அங்கிள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து, "நான் தொடலய்யா" என்றார்.

"சரி சார், தொடலை," என்றார் அப்பா. நான் ஹோம்வொர்க் முடித்துவிட்டேன் என்று பொய் சொல்லும்போது என்னிடம் பேசும் அதே குரல்.

அம்மா ஓடிப்போய் ஆன்ட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தாடை கிழிந்து ரத்தம் கொட்டியது. காலைப் பார்க்க முடியவில்லை, அது இருக்க வேண்டிய பக்கமாக இல்லை. ஆன்ட்டி கத்தி ஓய்ந்து, கையை நீட்டித் தன் வலது உள்ளங்காலைத் தொட்டார். விரலோடு விரல் தேய்த்தார். மூக்குக்குக் கொண்டுபோனார். பிறகு தலையை மெதுவாகத் திருப்பி என்னைத் தேடினார். நான் காலிக் கரடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. பிறகு ஈரத் துப்பட்டாவின் முனையை இழுத்து உள்ளங்காலைத் துடைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு முறை கை அசையும்போதும் உடைந்த கால் அசைந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். "அசையாதம்மா, எதுக்கு இப்ப அது" என்று அம்மா கையைப் பிடித்தாள். ஆன்ட்டி கையை உதறிவிட்டுத் துடைத்தார். சேறு பட்டுவிட்டது போல என்றுதான் அப்போது நினைத்தேன். நான் கரடியைத் தண்ணீரில் போட்டேன். அது தலைகீழாக மிதந்து கற்களுக்கு நடுவே போய்விட்டது.

அந்தத் தம்பதி கீழே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். காட்டுக்குப் போலீஸ் மாதிரி இருக்கும் இரண்டு ரேஞ்சர்கள் ஏறி வந்தார்கள், ஒரு ஆண், ஒரு பெண். பின்னால் அந்தக் கிழவர் மூச்சிரைக்க வந்து அங்கிளை விரலால் காட்டினார். பெண் ரேஞ்சர் ஆன்ட்டியிடம் குனிந்து என்ன நடந்தது என்று கேட்டார். அப்பா, அவருக்கு இங்கிலீஷ் வராது, நான் சொல்கிறேன் என்று முன்னால் வந்தார். பெண் ரேஞ்சர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு என் பக்கம் வந்தார். அதற்குள் அப்பா வேக வேகமாகத் தமிழில் என்னிடம் சொன்னார்:

"வழுக்கி விழுந்தாங்கன்னு சொல்லு. அங்கிள் தொடவே இல்லைன்னு சொல்லு. மாத்திச் சொன்னே, நாம எல்லாரும் மூட்டை கட்டிட்டு ஊருக்குத்தான். புரியுதா?"

என்னைப் பொய் சொல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்னதில் ஒரு எழுத்து கூடப் பொய் இல்லை. எதனால் வழுக்கியது என்று அந்தக் காட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன்.

பெண் ரேஞ்சர் மண்டியிட்டு என் உயரத்துக்கு வந்தார். பயப்படாதே, அந்த ஆள் அவரைத் தள்ளினாரா என்று கேட்டார்.

"யெஸ்," என்றேன். "ஹி புஷ்ட் ஹர்."

ஆன்ட்டிக்காகச் சொன்னேனா, எண்ணெயை மறைக்கச் சொன்னேனா? இத்தனை வருடமாக இரவும் பகலும் பிரித்துப் பார்த்தும் என்னால் பிரிக்க முடியவில்லை. பயம்தான் முதலில் வந்தது என்று நினைக்கிறேன்.

அங்கிள் தமிழில் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு என்னை நோக்கிப் பாய்ந்தார். ஆண் ரேஞ்சர் அவரைக் கீழே தள்ளி முதுகில் முட்டியை வைத்தார். அப்போது அம்மா எழுந்து நின்றாள். கடையில் பால் வாங்கக் கூட என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்கும் அம்மா.

"ஐ ஆல்சோ ஸா," என்றாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தள்ளிக் காட்டினாள். "திஸ் மேன். லைக் திஸ்."

கடைசியாகப் பெண் ரேஞ்சர் ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார், ஆமாம் என்று.

எண்ணெய்க் கையில் விலங்கு நிற்கவில்லை. இரண்டு முறை மணிக்கட்டு நழுவியது. மூன்றாவது முறை தோலைக் கவ்வுகிற அளவு இறுக்கிப் பூட்டினார்கள். துண்டு அவிழ்ந்து விழ, ஜட்டியோடு அங்கிள் பாதையில் இறங்கிப் போனார். "நான் தொடலய்யா, சாமி சத்தியமா தொடல, ஐ டிட் நாட் டச்" என்று கத்திக்கொண்டே போனார். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் முழு உண்மை பேசியது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஜன்னல்களை மூடினார். ஹாலில் இரண்டு, பெட்ரூமில் ஒன்று. அலமாரியைத் திறந்து ஹேங்கரை எடுத்தார்.

"கண்ணால பாத்தா உடனே சொல்லிடறதா? உண்மையா இருந்தா எல்லாத்தையும் சொல்லிடறதா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி. முதுகு, தொடை, தடுக்கப் போன கை. கொக்கி முனை முழங்கையைக் கிழித்தது. உண்மை சொன்னதற்காக அடிக்கிறார். நான் சொன்னதோ பொய். இதைச் சொன்னால் அடி நிற்குமா, இன்னும் அதிகமாகுமா என்று அடிகளுக்கு நடுவில் யோசித்தேன்.

மிக்ஸி ஓடும் என்று எதிர்பார்த்தேன். ஓடவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அம்மா கார்ட்லெஸ் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். கட்டைவிரல் பட்டன் மேல் இருந்தது.

"இன்னொரு அடி விழுந்துது," என்றாள், "இன்னிக்கே ரெண்டாவது தடவையா சொல்லுவேன்."

அப்பா நம்பாமல் பார்த்தார். போன் ரீங்காரம் எனக்கே கேட்டது. அவர் ஹேங்கரைக் கீழே போட்டார். அதற்குப் பிறகு என்னை அடித்ததில்லை. பேசாமல் இருந்து கொல்ல முடியும் என்று கண்டுபிடித்துக்கொண்டார், அது வேறு கதை.

பயந்தது எதுவும் நடக்கவில்லை. அங்கிளின் வேலை போனது, வக்கீல் சொல்லி ஏதோ ஒரு சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். என்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிடவில்லை. எங்கள் பேப்பர் அதுபாட்டுக்கு நகர்ந்து, கிரீன் கார்டு வந்தது. அப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் கதையை மாற்றிக்கொண்டார். பத்து வருடம் கழித்து, வீட்டுக்கு வந்தவர்களிடம், "என் பொண்ணு ஒன்பது வயசுலயே உண்மைக்குப் பயப்படாதவ. போலீஸ் முன்னாடி டக்குனு சொன்னா" என்று பெருமையடிப்பார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். அடித்தபோதும் தப்பாகப் புரிந்துகொண்டு அடித்தார், மெச்சியபோதும் தப்பாகவே மெச்சினார். அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நூறு தடவை அடித்தவரை அடிக்காத ஒரு தடவைக்காகப் பிடித்துக் கொடுத்தேன். அதற்காக எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் ஆன்ட்டியின் கால். அவர் டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போனார், இரண்டு ஆபரேஷன், ஒரு வருடம் வாக்கர். அப்புறம் படித்தார், லேபில் வேலைக்குச் சேர்ந்தார், கார் ஓட்டினார், எல்லாம் செய்தார். ஆனால் இடது கால் குட்டையாகவே நின்றுவிட்டது. ஒரு வருடம் முழுக்க அங்கிள் அடித்ததில் எதுவும் வெளியே தெரியும்படி நிலைக்கவில்லை. நிலைத்தது நான் செய்தது.

என் கல்யாணத்துக்கு வந்திருந்தார். மண்டப வாசலில் எட்டுப் படி. நான் பட்டுப்புடவையோடு இறங்கி ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவர் முதல் படியில் காலை வைக்கப் போனவர் நிறுத்தி, என் காதருகே குனிந்தார்.

"படியில எண்ணெய் கிண்ணெய் ஒண்ணும் ஊத்தி வெக்கலையே?"

அவர் சிரித்துக்கொண்டே என் தோளை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறினார். எட்டுப் படியும் நான் அழுதேன். கல்யாணப் பெண் அழுவது சகஜம்தானே, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

போன வருடம்தான் அம்மாவிடம் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாறை, கரடி, எண்ணெய், எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "அவர் தள்ளவே இல்லம்மா. நீங்க எப்படிப் பாத்ததா சொன்னீங்க?" என்று கேட்டேன். அவள் அதிர்ச்சியடைவாள் என்று நினைத்திருந்தேன்.

"நான் எங்கடி பாத்தேன்," என்றாள் அம்மா. "நான் அந்தப் பக்கம் திரும்பி தயிர்சாதம் கிளறிட்டு இருந்தேன்."

"அப்புறம் ஏன் பாத்தேன்னு சொன்னீங்க?"

கத்தி நின்றது. தலைக்கு மேல் இருந்த கூரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். இப்போது இருப்பது தனி வீடு, மேலே யாரும் இல்லை.

"ஒரு வருஷமா கேட்டுட்டு இருந்தேனேடி," என்றாள்.